மூச்சடக்கிய உடம்பு: மன்னார்க் குளியாளியும் உடற்றொழிலியலும்

மன்னார்த் தீவின் வடகரையிலே, மன்னார் நகரை அடுத்து, எருக்கலஞ் செடியையும் மணற்பிட்டியையும் தன் பெயரிற் சுமந்து கிடப்பது எருக்கலம்பிட்டி. முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்த பழைய ஊர்களுள் ஒன்று. மீன்பிடி, சங்குகுளித்தல், கடல்வழி வாணிகம் என்பன அதன் பழந்தொழில்கள். பிரித்தானியர் காலத்து முத்துச் சலாபங்களுக்குக் குளியாளிகளை அனுப்பிய ஊர்களை எண்ணுமிடத்து, கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகியவற்றோடு இவ்வூரும் சேர்த்தெண்ணப்படும். ஊர் பாக்கு நீரிணையை நோக்கியது. முத்துச்சிப்பி விளையும் பார்களோ தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னுங் கரைகளுக்கு எதிரே, மன்னார் வளைகுடாவின் அடியிற் பரந்து கிடப்பன. சலாபம் நடைபெறும் என அரசு அறிவித்த ஆண்டுகளில் அக்கரைகளிலே பல்லாயிரவர் கூடும் ஒரு நகரம் திடீரெனத் தோன்றும். காற்று மாறுங்காலத்தில் அது மறைந்துவிடும்.

அந்நகரத்தின் வரலாற்றை எழுதினோர் பலர். முத்தின் நிறையையும் விலையையும் எழுதினர். அரசு பெற்ற வருவாயை எழுதினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சி கைமாறிய விதத்தை எழுதினர். ஒரு கல்லிலே காலை ஊன்றி, ஒன்பது பாக ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சின்றி உழைத்து, ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை அவ்வாறு இறங்கியேறும் மனிதனுடைய இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் யாது நிகழ்கின்றது என வினவியோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு விடை கிடைத்ததும் மன்னாரில் அன்று. பாரிசில் வாத்துகளிடத்தும், அமெரிக்காவின் மேயின் கரையிற் கடல்நாய்களிடத்தும், அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே தோறஸ் நீரிணையின் முத்துக்குளியாளிகளிடத்தும் அது கிடைத்தது. இவ்வழி ஏன் இத்துணை சுற்றாக அமைந்தது என்பது ஆராயத்தக்கது.

குளியாளி எவ்வளவு நேரம் நீரடியில் இருப்பான் என்பதே பண்டைய பயணிகளை ஈர்த்த வினா. பாரசீக வளைகுடாக் குளியாளிகளைப் பற்றி எழுதிய இபுனு பதூதா ஒரு மணி, இரண்டு மணி நேரக் கணக்குக் கூறுகின்றார். இலங்கையில் வாழ்ந்த போர்த்துக்கேயரான ரிபேரோ, கத்தோலிக்கரின் விசுவாசப் பிரமாணத்தை இருமுறை சொல்லி முடிக்கும் நேரம் என்றார். ஆங்கிலப் படையதிகாரியான ரொபேட் பேர்சிவல் 1803 இல் வெளியிட்ட நூலிலே, குளியாளிகள் பொதுவாக இரண்டு நிமிடம் வரை இருப்பர் என்றும், 1797 இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் முழுதாக ஆறு நிமிடம் இருந்தான் என்றும் எழுதினார். அதே 1797 ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பற்றி எழுதிய லெபெக் என்பாரோ ஏழு நிமிடம் வரை போனார். இவற்றுக்கு மாறாக, முத்துப்பார்களின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டு பணியாற்றிய கப்டன் ஸ்டுவேட், அரிப்பில் எந்தக் குளியாளியும் 87 செக்கனுக்கு மேல் நீரடியிலிருக்கத் தாம் கண்டதில்லை என்றும், ஒன்பது பாக நீரில் வழக்கமான நேரம் 55 செக்கனைத் தாண்டுவது அரிது என்றும், பதின்மூன்று பாகத்துக்கு மேல் எவரும் இறங்கியதில்லை என்றும் எமர்சன் ரெனன்றுக்குத் தெரிவித்தார். ரெனன்ற் அதனைத் தமது 1859 ஆம் ஆண்டு நூலிற் பதிந்துள்ளார். விசுவாசப் பிரமாணத்தை நிதானமாக இருமுறை ஓதுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் செல்லும். ஆகவே வியந்து எழுதிய அதிகாரியின் கடிகாரத்தைக் காட்டிலும் ரிபேரோவின் செபக் கணக்கே உண்மைக்கு அணித்தாய் நின்றது எனலாம்.

உழைத்துக்கொண்டு 55 செக்கன் இருத்தல் சிறிய செயலன்று. ஒன்பது பாகம் என்பது ஏறத்தாழப் பதினாறரை மீற்றர். அவ்வாழத்தில் உடம்பின்மேல் அழுந்தும் அமுக்கம் கரையில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். நுரையீரலில் அடைபட்ட காற்று தன் பருமனில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். மேலேறியவுடன் குளியாளிகளின் வாய், மூக்கு, காது வழியே நீரும் பலவேளை குருதியும் வெளிவரும் எனப் பேர்சிவல் எழுதியதை மிகை என ஒதுக்கிவிட இயலாது. செவிப்பறையும் முகவெலும்புகளின் காற்றறைகளும் அமுக்க மாற்றத்தாற் சேதமுறுதல் இன்றைய மருத்துவர் நன்கறிந்த செய்தி.

இவ்வாபத்துக்கு எதிராக அக்காலம் வைத்திருந்த காவல் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் என்பது பொருள். மார்க்கோ போலோ காலத்தில் இவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கிடைத்தது. பிரித்தானிய அரசும் நெடுங்காலம் இப்பதவியைப் பேணியது. கடல்கட்டி கரையில் இல்லாவிடின் குளியாளி இறங்கமாட்டான் என்பதே காரணம். பரம்பரையாக வந்த அப்பதவியில் தம் காலத்தில் இருந்தவர் கத்தோலிக்கர் என ரெனன்ற் குறிப்பது சுவையானது. இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் ஆகிய முத்திறத்துக் குளியாளிகளும் ஒரே மந்திரத்தை நம்பி இறங்கினர். சுறாவாற் குளியாளி இறத்தல் மிக அரிது என்பதையும் எழுதினோர் பலர் ஒப்புவர். குளியாளியைக் கொல்லக்கூடியது அவன் நெஞ்சுக்குள்ளே இருந்தது. அதற்கு மந்திரம் ஓதியவர் இலர்.

சலாபத்தின் பொருளாதாரத்தை இங்கு விரித்தல் வேண்டாம். குளியாளிக்குப் பணக்கூலி இல்லை. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவனுக்கு, எஞ்சிய இரு பங்கு அரசுக்கு என்பது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வழக்கம். 1905 ஆம் ஆண்டுச் சலாபம் எல்லாவற்றிலும் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அவ்வாண்டு எடுக்கப்பட்டன; ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளிகள் இறங்கினர். அடுத்த ஆண்டு பார்கள் இலண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பிகள் மறைந்தன, நிறுவனமும் கலைந்தது. 1925 ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பின் இலங்கைக் கரையில் அத்தகைய பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. 1906 இல் மரிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், ஓர் அரபுக் குளியாளியின் சாவையும் அவனுடைய தோழர்கள் அவனைச் சூழ்ந்திருந்து துயருற்றதையும் பல்லாண்டு கழிந்த பின்னும் மறக்கவில்லை. தம் தன்வரலாற்றில் அதற்கு இடமளித்தார். அரச ஆவணங்களுக்கு அது வெறும் எண்.

அறிவியல் மன்னாருக்கு வாராமல் இல்லை. 1902 சனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஹேட்மன் அரசின் அழைப்பிற் பேரில் இலங்கை வந்தார். உடன் வந்த ஜேம்ஸ் ஹோர்ணெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 தொடக்கம் 1906 வரை இலண்டன் ரோயல் சங்கம் ஐந்து பாகங்களாக வெளியிட்ட அவர்களது அறிக்கை மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றிய ஒரு களஞ்சியம். சிப்பியின் உடலமைப்பு, இனப்பெருக்கம், உணவு, பகைவர், நோய் எல்லாம் அதில் உண்டு. முத்து உருவாவதற்குச் சிப்பிக்குள் நுழையும் நாடாப்புழுவின் குடம்பியே காரணம் என அதில் வாதிடப்பட்டது. பின்வந்தோர் அக்கொள்கையை ஐயுற்றனர். இத்துணை நுணுக்கமாகச் சிப்பியின் உறுப்புகளை அறுத்தாய்ந்த அறிக்கை, அச்சிப்பியைக் கொண்டுவந்த மனிதனை ஓர் உயிரியற் பொருளாகக் கருதவில்லை. இதிற் குறைகாண்பது எளிது; ஆயினும் அரசு கேட்ட வினா சிப்பி ஏன் மறைகின்றது என்பது. குளியாளி மறைகின்றான் என எவரும் அன்று அஞ்சவில்லை.

இதற்கு முப்பது ஆண்டு முன்னரே அவ்வினா வேறோரிடத்தில் எழுந்துவிட்டது. பாரிசிற் பேராசிரியராயிருந்த போல் பேட், சுவாசத்தின் ஒப்பீட்டு உடற்றொழிலியல் பற்றி 1870 இல் வெளியிட்ட விரிவுரைகளில், நீரில் அமிழ்த்தப்பட்ட வாத்தின் இதயத்துடிப்பு வெகுவாகத் தாழ்வதைப் பதிந்தார். வாத்து கோழியைவிட நெடுநேரம் மூச்சின்றி வாழும். அதன் உடலிற் குருதி அதிகம் என்பது அவர் கூறிய விளக்கம். அவ்விளக்கம் முற்றும் போதாது எனக் காட்டியவர் சார்ள் ரிஷே. மூச்சுக்குழல் கட்டப்பட்ட வாத்துகளைக் காற்றில் வைத்தும் நீரில் அமிழ்த்தியும் அவர் ஒப்பிட்டார். இரண்டுக்கும் புதிய காற்று இல்லை. எனினும் நீரில் அமிழ்ந்தது மிகுதியான நேரம் உயிர்வாழ்ந்தது. ஆகவே நீர் முகத்திற் படுதல் என்னும் நிகழ்ச்சியே உடம்பில் ஏதோ ஒன்றைத் தூண்டிவிடுகின்றது. அத்தூண்டல் வேகசு நரம்பு வழியாக இதயத்தை அடைகின்றது எனவும் அந்நரம்பின் செயலைத் தடுத்தால் வாத்தின் காவல் போய்விடுகின்றது எனவும் அவர் கண்டார்.

இதயம் மெல்லத் துடித்தால் உயிர் எவ்வாறு நீடிக்கும்? மேலோட்டமாக நோக்கின் இது முரணாகவே தோன்றும். குருதியை வேகமாகச் சுற்றச் செய்தாலன்றோ ஒட்சிசன் எங்கும் கிடைக்கும்? இம்முரணை அவிழ்த்தவர் அமெரிக்கரான லோறன்ஸ் இர்விங்கும், நோர்வேயிலிருந்து 1939 இல் அவரிடம் வந்து சேர்ந்த பேர் ஸ்கோலாண்டரும் ஆவர். 1940 இல் ஸ்கோலாண்டர் வெளியிட்ட ஆய்வு, மூழ்கும் முலையூட்டிகளும் பறவைகளும் பற்றியது. கடல்நாய் அமிழ்த்தப்பட்டவுடன் நிமிடத்துக்கு நூறளவில் இருந்த துடிப்புப் பத்தளவுக்கு வீழ்கின்றது. அதே கணத்தில் தசை, தோல், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் நாடிகள் இறுகி மூடுகின்றன. எஞ்சிய ஒட்சிசன் மூளைக்கும் இதயத்துக்குமென ஒதுக்கப்படுகின்றது. தசைகள் குருதியின்றியே வேலை செய்து இலற்றிக்கமிலத்தைத் திரட்டி வைத்திருக்கும். விலங்கு மேலேறி மூச்சுவிட்ட பின்னரே அவ்வமிலம் குருதியில் வெள்ளமெனப் பாயும். முற்றுகையிடப்பட்ட கோட்டையில் தானியத்தை அளந்து கொடுப்பது போன்றது இம்முறை. வாயில்கள் குறைந்தபின் சுற்றவேண்டிய குருதியும் குறைவு. எனவே இதயம் மெல்லத் துடிப்பதே பொருத்தம்.

அடைக்கப்பட்ட வாயில்களுள் மிகப் பெரியது சிறுநீரகத்துடையது. மனிதனின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் நிறையில் நூற்றுக்கொரு பங்கும் இரா. இதயம் வெளியேற்றும் குருதியிலோ ஐந்திலொரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல், அவற்றினூடே பாய்கின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் கலன்கோளங்களில் வடிக்கப்பட்டு, ஒன்றரை லீற்றரளவு மட்டுமே சிறுநீராக வெளியேற, எஞ்சியதெல்லாம் மீள உறிஞ்சப்படுகின்றது. இம்மீளுறிஞ்சலே சிறுநீரகம் ஒட்சிசனைச் செலவிடுவதற்குத் தலையாய காரணம். வடித்தல் நின்றால் உறிஞ்சும் வேலையும் நிற்கும். ஆகவே நெருக்கடியில் முதலில் நிறுத்தத்தக்க ஆலை இதுவேயாம்.

இதனை அளந்து காட்டும் கருவி அப்போதுதான் உருவாகியிருந்தது. நியூயோர்க்கின் ஹோமர் ஸ்மித், இனியுலின் என்னும் மாப்பொருளொத்த பொருளைக் குருதியிற் செலுத்தி, அது சிறுநீரில் வெளியேறும் வீதத்திலிருந்து வடிகட்டல் வீதத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தோருள் முதன்மையானவர். கோடைதோறும் மேயின் மாநிலத்து மவுண்ட் டெசேட் தீவின் உயிரியல் ஆய்வுகூடத்துக்குச் செல்வார். அங்கே சுறா, திருக்கை முதலியவற்றின் சிறுநீரகங்களை ஆராய்வார். முள்ளந்தண்டு விலங்குகளின் வரலாற்றையே சிறுநீரகத்தின் வரலாறாக எழுதியவர் அவர். 'மீனிலிருந்து மெய்யியலாளன் வரை' எனப் பொருள்படும் அவரது நூல் 1953 இல் வெளிவந்தது. 1942 இல் ஸ்டான்லி பிராட்லியும் றிச்சட் பிங்கும் கடல்நாயின் சிறுநீரகத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இம்முறையின் பயன். மூச்சு அடைக்கப்பட்டவுடன் சிறுநீரகக் குருதியோட்டமும் வடிகட்டலும் அடியோடு வீழ்ந்தன. மூச்சு மீண்டதும் அவை திரும்பின. இதயமும் சிறுநீரகமும் தனித்தனி உறுப்புகளாகவன்றி ஒரே கட்டளைக்குப் பணியும் இரண்டாக நிற்பதை இக்கட்டுரை எண்களாற் காட்டியது.

மனிதனிடத்து இது பொருந்துமா? இவ்விடத்தில்தான் முத்துக்குளியாளி ஆய்வுகூடத்துக்குள் நுழைகின்றான். ஸ்கோலாண்டரும் அவர் குழுவினரும் தோறஸ் நீரிணையில், தேர்ஸ்டே தீவை அடுத்து, அங்குள்ள முத்துக்குளியாளிகளை ஆராய்ந்து 1962 இல் முடிவுகளை வெளியிட்டனர். கடல்நாயில் உள்ளதுபோன்று அத்துணை கடுமையாக இல்லாவிடினும், குளியாளியின் நாடித்துடிப்பும் மூழ்கியபின் தாழ்ந்தது. அவன் நீரடியில் உழைத்துக்கொண்டிருந்தபோதும் தாழ்ந்தது. கரையில் அவ்வாறு உழைத்தால் துடிப்பு ஏறவேண்டும் என்பதை நினைவிற்கொள்ளல் தகும். இலற்றிக்கமிலமும் மேலேறிய பின்னரே குருதியில் உயர்ந்தது. தசைகளின் வாயில்கள் மூடியிருந்தமைக்கு அதுவே சான்று. வாத்து, கடல்நாய், மனிதன் ஆகிய மூன்றிலும் ஒரே பழைய ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஸ்கோலாண்டர் இதற்கு 'உயிரின் தலைமை ஆளி' எனப் பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

கிழக்கிலும் இவ்வாய்வு நடந்தது. யப்பானின் ஆமா எனப்படும் குளியாளிப் பெண்களைத் தெருவோகா 1932 இலேயே விரிவாக ஆராய்ந்திருந்தார். பின்னர் கொரியரான ஹொங், அமெரிக்கரான ஹேமன் றான் ஆகியோர் கொரிய, யப்பானியக் குளியாளிப் பெண்களின் நாடியையும் நுரையீரல் வாயுக்களையும் உடல் வெப்பத்தையும் ஆண்டு முழுதும் அளந்தனர். குளிர்நீரில் இதயத்தின் துடிப்பொழுங்கு பிறழ்தல் மிகுதி என்பதும் அவ்வாய்வுகளில் வெளிப்பட்டது. முகத்திற் படும் நீர் குளிர்ந்திருந்தால் தலைமை ஆளி வலுவாக இயங்கும். மன்னார்க் கடல்போன்ற வெதுவெதுப்பான நீரில் மெலிவாகவே இயங்கும். எனவே மன்னார்க் குளியாளிக்குக் கிடைத்த இயற்கைக் காவல் கொரியப் பெண்ணுக்குக் கிடைத்ததிலும் குறைவு எனக் கொள்ள இடமுண்டு. அவனைக் காத்தது ஏற்பாட்டு முறை. கல்லின் பாரத்தால் இறங்குகின்றான், மேலே நிற்பவன் கயிற்றால் இழுக்க ஏறுகின்றான். இறங்கவும் ஏறவும் தசையைச் செலவிடாமல் அடியிற் சிப்பி சேர்ப்பதற்கே ஒட்சிசனை வைத்திருந்தான். இரு குளியாளிகள் மாறிமாறி ஒரே கல்லைப் பயன்படுத்தும் வழக்கமும், ஒருவன் மூழ்க மற்றவன் இளைப்பாற இடங்கொடுத்தது. ஆய்வுகூடம் பிற்காலத்திற் சொன்னதைச் சலாபம் தன் கயிற்றிலும் கல்லிலும் முன்னரே எழுதி வைத்திருந்தது எனலாம்.

மூழ்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவதன் ஆபத்தை அல்பேட் கிறேக் 1961 இல் விளக்கினார். மூச்சுவிடத் தூண்டுவது ஒட்சிசன் குறைதலைவிடக் காபனீரொட்சைட்டு மிகுதலே. முன்கூட்டியே காபனீரொட்சைட்டைக் கழித்துவிட்டவனுக்கு மூச்சுமுட்டும் உணர்ச்சி தாமதிக்கும்; அதற்குள் மூளை ஒட்சிசனின்றி மயங்கிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தோர் ஓசையின்றி இறப்பதன் காரணம் இது. சலாபக் குறிப்புகளிற் சுறாவின் மேலும் விதியின் மேலும் ஏற்றப்பட்ட சாவுகளுட் சில இவ்வகையினவாய் இருத்தல் கூடும்.

சிறுநீரகத்துக்குத் திரும்புவோம். மூச்சடக்காமல் கழுத்தளவு நீரில் நெடுநேரம் நின்றாலே சிறுநீர் பெருகும் என்பது கரைவலை இழுப்போரும் அறிந்த உண்மை. இதனை 1924 இல் பாசெற் ஆய்வுமுறையிற் பதிந்தார். புறத்தேயுள்ள நீரமுக்கம் கால்களிலும் வயிற்றிலுமுள்ள குருதியை நெஞ்சுக்குள் தள்ளுகின்றது. இதயத்தின் சோணையறைகள் விரிகின்றன. விரிந்தவுடன் உடம்பில் நீர் மிகுந்துவிட்டது எனக் கருதிச் சிறுநீரகத்துக்குக் கட்டளை போகின்றது. ஜேர்மனியரான கௌவரும் அமெரிக்கரான ஹென்றியும் 1950களிலிருந்து இக்கருத்தை வளர்த்தனர். கட்டளையைக் கொண்டுசெல்வது நரம்பு மட்டுமா என்னும் ஐயத்துக்கு விடை 1981 இல் வந்தது. கனடாவின் கிங்ஸ்ரனில் அடொல்ஃபோ டி போல்ட், எலியின் சோணைத்தசையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளின் குருதியிற் செலுத்தினார். சில நிமிடங்களிலேயே அவற்றின் சிறுநீரும் அதனோடு உப்பும் பன்மடங்கு பெருகின. சோணையின் கலங்களிற் காணப்பட்ட சிறுமணிகள் யாவை என்று இருபதாண்டுக்கு மேல் நிலவிய புதிர் அதனால் அவிழ்ந்தது. அவை ஓமோன் சேமிக்கும் மணிகள். குருதியைத் தள்ளும் பம்பி என்றே எண்ணப்பட்டு வந்த இதயம் ஒரு சுரப்பியும் ஆயிற்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் ஓமோன் 1988 இல் பன்றியின் மூளையிற் கண்டறியப்பட்டு அதனாற் பெயரும் பெற்றது; மிகுதியாக அது சுரப்பதோ இதயத்தின் கீழறைகளில். இன்று மூச்சுத்திணறலோடு வரும் நோயாளிக்கு இதயம் செயலிழக்கின்றதா என அறியச் செய்யும் குருதிச் சோதனை அதனை அளப்பதே.

கடல்நாய் ஆய்வும் மருத்துவத்துக்குப் பயன்பட்டது. றொபேட் எல்ஸ்னரும் உடனாய்வாளரும் 1974 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு மணி நேரம் குருதியோட்டம் நிறுத்தப்பட்ட கடல்நாயின் சிறுநீரகம் விரைவில் மீண்டும் சிறுநீரை ஆக்கியது. நாயின் சிறுநீரகம் அவ்வாறு மீளவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவைக்கு, உறுப்பு எத்துணை நேரம் குருதியின்றித் தாங்கும் என்பது உயிர்நாடியான வினா. இலங்கையிற் சிறுநீரகம் என்றவுடன் வடமத்திய மாகாணத்து உழவரை வாட்டும், காரணம் முற்றும் தெளியாத நோயே இன்று நினைவுக்கு வருகின்றது. அது வேறு வரலாறு. ஆயினும் அந்நோயாளியின் வடிகட்டல் வீதத்தை மருத்துவர் மதிப்பிடும் எண்ணம் ஹோமர் ஸ்மித்தின் கோடைகால ஆய்வுகளின் வழிவந்ததே.

ஆய்வுகூடத்தின் முடிவுகளுக்கு ஓர் எல்லையும் பின்னர் தெரியவந்தது. ஸ்கோலாண்டர் காலத்துக் கடல்நாய் பலகையிற் கட்டப்பட்டு நீரில் அமிழ்த்தப்பட்டது. எப்போது விடுவிப்பர் என்பதை அது அறியாது. 1960களிலிருந்து ஜெரால்ட் கூய்மன் அந்தாட்டிக்காவிற் பனிக்கட்டித் துளைவழியே தானாக மூழ்கிவரும் வெடல் கடல்நாய்களை ஆராய்ந்தார். அவை இயல்பாக மூழ்கும் தடவைகளுட் பெரும்பாலானவை குறுகியவை. அவற்றில் உடம்பு தன் ஒட்சிசன் இருப்புக்குள்ளேயே அடங்கி நடக்கின்றது. அக்குறுகிய மூழ்கல்களிற் சிறுநீரகம் தன் வேலையை நிறுத்துவதில்லை என 1983 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கட்டுண்ட விலங்கின் உடம்பு சொல்வது ஒன்று, தன் விருப்பில் இறங்கும் விலங்கின் உடம்பு சொல்வது வேறொன்று. கொற்கைக் கரையில் மரணதண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளிக்கச் செய்தனர் என எழுதிய பழைய கிரேக்கக் கடலோடியின் குறிப்பு இவ்விடத்தில் வேறொரு பொருளோடு நினைவுக்கு வருகின்றது.

மேலே கூறிய ஆய்வுகளுள் எதுவும் மன்னாரில் நிகழ்ந்ததன்று. 1962 இல் தோறஸ் நீரிணைக் குளியாளியின் நாடி அளக்கப்பட்டபோது மன்னாரிற் சலாபம் ஓய்ந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. முத்து இல்லாவிடினும் சங்கும் கடலட்டையும் இருந்தமையாற் குளிக்கும் தொழில் முற்றாக அழியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியாரும் கையிற் கிடைத்தவற்றோடு படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளம் மாவட்டத்து முகாம்களிலே ஒரு தலைமுறை வளர்ந்தது. எந்தப் பார் எங்கே, எந்த மாதத்தில் நீர் தெளியும், எத்தனையாவது மூழ்கலோடு நிறுத்தவேண்டும் என்பன தந்தையிடமிருந்து மகன் படகிலேயே கற்பவை, ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. 2009 இன் பின் ஒரு பகுதியினரே ஊர் மீண்டனர். போர்னியோ, சுலவேசிக் கடல்களில் வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல் அயலவருடையதைவிட ஏறத்தாழ அரைமடங்கு பெரிது என்றும் அது மரபுரிமையாக வருவது என்றும் 2018 இல் ஓர் ஆய்வு கூறியது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கிச் செங்கலங்களைக் குருதியிற் சேர்க்கும். தலைமுறை தலைமுறையாகக் குளித்த மற்றச் சமூகங்களையும் நோக்கி இவ்வினாவைக் கேட்பது முறை. சமூகங்கள் சிதறச் சிதற அது கேட்பதற்குக் கடினமாகும்.

இன்று வடமேற்குக் கரையிற் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குவோருட் பலர் அமுக்கக் காற்றுக் கொள்கலனை முதுகிற் கட்டி இறங்குகின்றனர். மூச்சடக்கிய உடம்பின் பழைய காவல் இவர்களுக்குப் பயன்படாது. ஆழத்தில் அமுக்கக் காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைந்து சேரும். விரைந்து மேலேறினாற் குமிழிகளாக வெடித்தெழும். இதனை 1878 இல் விளக்கியவரும் வாத்தின் நாடியை எண்ணிய அதே போல் பேட்தான். படிப்படியாகத் தங்கித் தங்கி மேலேறும் முறையை இங்கிலாந்தின் ஹோல்டேன் ஆடுகளைக் கொண்டு சோதித்து 1908 இல் அட்டவணையாக்கினார். மரிச்சுக்கட்டியில் ஐயாயிரம் பேர் இறங்கியேறி மூன்றே ஆண்டு கழிந்திருந்தது. அவ்வட்டவணையைப் பாராது ஒரே இரவிற் பலமுறை இறங்கியேறும் இளைஞனுக்கு முதலில் மூட்டுகளில் நோவு எழும். குமிழி முண்ணாணைத் தாக்கினாற் கால்கள் மரத்துப்போகும். சிறுநீர்ப்பை தன் கட்டுப்பாட்டை இழக்கும். நாளடைவில் தேங்கிய சிறுநீரும் தொற்றும் மேலேறி, கடலில் எக்குற்றமும் செய்யாத சிறுநீரகங்களை அரிக்கத் தொடங்கும்.